கை தெரிகிறது

"நன்றாக வரைகிறீர்கள். ஆனால் எல்லா ஷாட்டிலும் உங்கள் கை தெரிகிறது." என் ரீலை, அதாவது வேலை தேடும்போது காட்டும் மாதிரிக் காட்சிகளின் தொகுப்பை, பார்த்துவிட்டு ஒரு மூத்த அனிமேஷன் மேற்பார்வையாளர் சொன்னது இது. குறையாகத்தான் சொன்னார். குரலில் கடுமை இல்லை. நேரம் ஒதுக்கி, ஷாட் ஷாட்டாக நிறுத்தி, எங்கே கோடு தடிக்கிறது, எங்கே தோள் என் பழக்கப்படி சரிகிறது என்று காட்டிய நல்ல மனிதர். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காத வருத்தம் விரைவிலேயே தீர்ந்துவிட்டது. அந்த வாக்கியம் மட்டும் தீரவில்லை. சில நாள் அது முழு உண்மையாகத் தோன்றும். சில நாள், தனியாகப் படம் செய்ய நினைக்கும் ஒருவரிடம் சொல்லவே கூடாத சொல்லாகத் தோன்றும். சொந்தப் படைப்போடு இந்தத் துறைக்குள் நுழைய விரும்பும் இளையவர்கள் எனக்கு எழுதும்போது எந்த மென்பொருள், ரீல் எவ்வளவு நீளம், யாருக்கு அனுப்புவது என்றெல்லாம் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் அவர்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கை தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் தரப்பு நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தொடரின் ஒரே அத்தியாயத்தில் பலருடைய வரைதல் கலந்திருக்கும். ஒருவர் காட்சிகளைப் படம் படமாகத் திட்டமிடும் ஸ்டோரிபோர்டு வரைவார், ஒருவர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை வரைவார், இடையில் வரும் நிலைகளை வேறொருவர் நிரப்புவார், கோட்டைச் சுத்தம் செய்பவர் இன்னொருவர். இத்தனை பேர் தொட்ட பிறகும் மூன்றாவது ஷாட்டில் உள்ள மூக்கு நான்காவது ஷாட்டிலும் அதே மூக்காக இருக்க வேண்டும். அதற்காகத்தான் மாடல் ஷீட் இருக்கிறது: முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், உடல் எத்தனை தலை உயரம், சிரிக்கும்போது கன்னம் எவ்வளவு ஏறும், கண்ணை எப்படியெல்லாம் வரையக் கூடாது. இந்தத் தாளுக்குள் தன்னைக் கரைத்துக்கொள்ளத் தெரிந்தவரையே ஸ்டூடியோ தேடுகிறது. அதற்குக் குறைந்த திறமை போதும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. இன்னொருவர் உருவாக்கிய பாத்திரத்தை அவர் வரைந்ததுபோலவே வரைந்து, அதற்குள் உயிரும் எடையும் கொண்டுவருவது கடினமான கலை. பின்னாளில் ஒப்பந்த வேலைகளில் நானும் அதைச் செய்திருக்கிறேன், பெருமையோடு.

சிக்கல் எங்கே என்றால், புதிதாக வருபவரிடம் எல்லோரும் "உன் தனித்தன்மையைக் காட்டு" என்கிறார்கள். காட்டியபின் வேலைக்கான தேர்வில் இன்னொருவர் பாத்திரத்தைக் கொடுத்து, "இதை அப்படியே வரை" என்கிறார்கள். இரண்டும் சரியான கோரிக்கைகளே. ஆனால் இரண்டும் வெவ்வேறு தொழில்களுக்கு உரியவை என்பதை யாரும் சொல்வதில்லை.

கையை மறைத்த தொழில்

அனிமேஷன் ஒற்றைக் கையில் தொடங்கியது. 1914-இல் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே தன் படத்துக்கான டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார். பின்னணியையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. அதைப் படியெடுக்க ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞரை வைத்துக்கொண்டார். அதே ஆண்டு ஏர்ல் ஹர்ட் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்: அசைவதை மட்டும் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, அசையாத பின்னணியின் மேல் வைக்கும் முறை. செல் அனிமேஷன் என்று நாம் சொல்வது அதுதான். பின்னணி ஒருவர், பாத்திரம் ஒருவர், மை ஒருவர், வண்ணம் ஒருவர் என்று வேலை பிரிந்தது. தொழில் என்ற ஒன்று உருவானதே அப்படிப் பிரிந்ததால்தான். யார் வரைந்தது என்பது தெரியாமல் போனதும் அதனால்தான். 1919-இல் திரைக்கு வந்த ஃபீலிக்ஸ் பூனையை ஆண்டுக்கணக்கில் உயிரோடு நடமாடவிட்டவர் ஆட்டோ மெஸ்மர். திரையில் வந்ததோ ஸ்டூடியோ முதலாளி பாட் சல்லிவனின் பெயர். 1928-இல் வால்ட் டிஸ்னிக்கே இதன் இன்னொரு வடிவம் நேர்ந்தது. அவர் ஸ்டூடியோவில் உருவான ஆஸ்வால்டு முயலின் உரிமை யூனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. பேச்சுவார்த்தை முறிந்தபோது முயலும் போயிற்று, வரைந்தவர்களில் பெரும்பாலோரும் போனார்கள். அந்த இழப்புக்குப் பிறகுதான் மிக்கி வந்தது. ஆஸ்வால்டின் உரிமை டிஸ்னி நிறுவனத்துக்குத் திரும்பியது 2006-இல்.

இந்த வரலாறு எனக்கு வெறும் செய்தியாக இல்லை. கையை மறைக்கச் சொல்வது ஒரு மேற்பார்வையாளரின் விருப்பம் அல்ல, ஒரு நூற்றாண்டின் ஏற்பாடு என்பதை இதைப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்று வேலை செய்பவர்களுக்கு அதன் விதிகள் எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியும் அப்போதுதான் எழுந்தது.

ஒருவருடைய கணக்கு

திரைப்படம் விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு சட்டகம் நிறுத்தினால் விநாடிக்கு 12 வரைபடம். ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600. மூன்று சட்டகம் நிறுத்தினால் 2,400. இது ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாமல் அசைந்தால் வரும் எண்ணிக்கை. இரண்டாவது பாத்திரம் உள்ளே வந்தால் கணக்கு இரட்டிக்கிறது. தனியாகப் படம் செய்பவர் கதையை யோசிக்கும் முன்பே இந்தக் கணக்கு அவர் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. எதை அசைப்பது என்பதைவிட எதை அசைக்காமல் விடுவது என்பதே அவருடைய முதல் தீர்மானம்.

நான் மதிக்கும் தனிக் கலைஞர்கள் எல்லோருடைய பாணியும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. டான் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் மனிதர்கள் குச்சி உருவங்கள். பில் பிளிம்ப்டனின் பென்சில் கோடுகள் வரைபடத்துக்கு வரைபடம் நடுங்குகின்றன. அந்த நடுக்கத்தை அவர் சுத்தம் செய்யவில்லை. மகோட்டோ ஷின்காய் 2002-இல் வெளியிட்ட 25 நிமிடப் படத்தைப் பெரும்பாலும் தனியாக, வீட்டுக் கணினியில் செய்தார். அதில் மனிதர்கள் அசையும் நேரத்தைவிட வானமும் வெளிச்சமும் காலியான அறைகளும் மேலே ஒலிக்கும் குரல்களும் அதிகம். கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 2019-இல் முடித்த 'அவே' 75 நிமிட முழுநீளப் படம். இசை உட்பட எல்லாம் அவர் ஒருவரே. வசனம் கிடையாது. வசனம் இல்லையென்றால் உதட்டசைவு இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை, ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. அடுத்து அவர் ஒரு குழுவோடு பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' படத்திலும் வசனம் இல்லை. 2025-இல் அது சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. பிளெண்டர் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருள். 2002-இல் அதன் பயனாளர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதன் மூல நிரலைப் பொதுவுக்குக் கொண்டுவந்தார்கள். கருவிக்குப் பணம் இல்லை என்பது இன்று பெரிய தடை இல்லை. நேரமும் கையும்தான் தடை.

என் குறும்படத்தின் நாயகி ஒரு பாட்டி. எப்போதும் குடை பிடித்துக்கொண்டே நடப்பார். அந்தக் குடை முதலில் வந்தது கணக்கினால்தான். முகபாவத்தை ஒவ்வொரு ஷாட்டிலும் வரைய என்னிடம் நேரம் இல்லை. குடையைக் கொஞ்சம் தாழ்த்தினால் முகம் மறைந்துவிடும். படத்தின் கரட்டு வடிவமான அனிமேட்டிக்கை வெட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களில் குடை மெல்லத் தன் வேலையை மாற்றிக்கொண்டது. கோபம் வந்தால் பாட்டி குடையை முன்னால் சாய்ப்பார். கேட்க விரும்பாத பேச்சு வந்தால் கைப்பிடியைச் சுழற்றுவார். யாராவது மனத்துக்குப் பிடித்ததைச் சொன்னால் குடை ஓர் அங்குலம் உயரும்; முகம் அப்போதும் தெரியாது. அந்த ஓர் அங்குலத்துக்காகவே நான் அந்தப் படத்தை முடித்தேன். முகம் வரைய நேரம் இருந்திருந்தால் எனக்கு இந்தப் பாட்டி கிடைத்திருக்கமாட்டார்.

அனிமேட்டிக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரப்பட்டு இதைத் தாண்டிப் போகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். கரடுமுரடான ஸ்டோரிபோர்டுப் படங்களை வரிசையாக அடுக்கி, தற்காலிக ஒலி சேர்த்து, படத்தின் முழு நீளத்துக்கும் ஓடவிடும் வடிவம் அது. அந்தக் கட்டத்தில் ஒரு காட்சியை நீக்கினால் நஷ்டம் எதுவும் இல்லை. அனிமேஷன் முடிந்தபின் நீக்கினால் ஒரு பருவத்தின் உழைப்பு போய்விடும். ஒலியையும் அப்போதே தீர்மானித்துவிட வேண்டும். ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2015-இல் வெளியிட்ட குறும்படத்தில் வரும் சிறுமியின் குரல் அவருடைய உடன்பிறந்தவரின் நான்கு வயது மகளுடையது. குழந்தை விளையாடிக்கொண்டே பேசியதைப் பதிவு செய்து, அந்தப் பேச்சைச் சுற்றிக் கதையைக் கட்டினார். எழுதிக் கொடுத்துப் பேசவைத்தால் கிடைக்காத உயிர் அதில் இருக்கிறது. வரைதலில் பிழை இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். ஒலி மோசமாக இருந்தால் எழுந்து போய்விடுவார். பாடல் உரிமையிலும் கவனம் வேண்டும். நீனா பேலி பெரும்பாலும் தனியாகவே செய்த முழுநீளப் படத்தில் 1920-களின் பழைய பாடல்களைப் பயன்படுத்தியிருந்தார். பாடல்களின் உரிமைக்காக அவர் பட்ட சிரமம் படம் செய்த சிரமத்துக்குக் குறையாதது. கடைசியில் 2009-இல் படத்தை யாரும் பகிரலாம் என்று இலவசமாக வெளியிட்டார்.

ஒப்பந்தத்தின் ஒரு பத்தி

அந்தக் குறும்படம் விழாக்களில் சுற்றிவந்துகொண்டிருந்தபோது ஒரு தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பாட்டியை வைத்து ஒரு தொடர் செய்யலாம் என்றார்கள். மரியாதையாகப் பேசினார்கள், படத்தை உண்மையாகவே விரும்பினார்கள். முதல் சந்திப்பில் தங்கள் ஓவியர் வரைந்த மாதிரிப் படங்களைக் காட்டினார்கள். பாட்டிக்குப் பெரிய கண்கள், தெளிவான வாய். குடை மடக்கப்பட்டு அக்குளில் இருந்தது. முகம் தெரிந்தால்தான் குழந்தைகள் ஒட்டிக்கொள்வார்கள், வசனம் பேசவைக்கலாம், பொம்மையும் செய்யலாம் என்று விளக்கினார்கள். ஒவ்வொரு காரணமும் நியாயமானது. ஓவியமும் மிக அழகு. அந்தக் கோட்டின் சுத்தம் எனக்கு இன்றும் வராது. ஆனால் அதில் இருந்த பாட்டியை எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படித்தேன். நடுவில் ஒரு பத்தி: பாத்திரத்தின் பெயர், உருவம், உடை, துணைப்பொருட்கள் ஆகிய அனைத்திலும் எந்த மாற்றமும் செய்ய நிறுவனத்துக்கு முழு உரிமை, பாத்திரத்தின் எல்லா உரிமைகளும் உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், இப்போதுள்ள ஊடகங்களிலும் இனி உருவாகப்போகும் ஊடகங்களிலும் நிறுவனத்தையே சேரும். துணைப்பொருள் என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. அவர்கள் அலுவலகத் தாளில் அது ஒரு பொருள். எனக்கு அது பாட்டியின் முகம்.

அந்த இரவில்தான் மேற்பார்வையாளரின் வாக்கியம் எனக்குத் தெளிந்தது. அவர் அறையில் என் கை குறையாக இருந்ததற்குக் காரணம், அங்கே பாத்திரம் இன்னொருவருடையது. இங்கே இந்த நிறுவனம் என்னைத் தேடி வந்ததற்குக் காரணமே அந்தக் கைதான். என்னைவிடச் சுத்தமாக வரைபவர்கள் அவர்களிடமே இருக்கிறார்கள். முகம் தெரியாத ஒரு பாட்டியைக் குடையாலேயே பேசவைத்த படம் மட்டும்தான் அவர்களிடம் இல்லை. அதை வாங்கிக்கொள்ளவும், வாங்கிய பிறகு நீக்கிவிடவும் அந்தப் பத்தி வழிசெய்தது. சுயாதீனக் கலைஞரிடம் விற்பதற்கு இருப்பது கை தெரியும் படைப்பு ஒன்றுதான். அதன் உரிமையை எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் தொழில்வாழ்க்கையின் பாதி அடங்கியிருக்கிறது. ரீலை மெருகேற்ற நாம் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கையாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன்.

ஊடக ஒப்பந்தங்களில் பழகிய ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்வி கேட்டார்: "தொடர் எடுக்கப்படாமலே போனால், இந்தப் பாட்டி யாரிடம் இருப்பார்?" ஒப்பந்தத்தில் அதற்குப் பதில் இல்லை. அதாவது, அவர்களிடமே இருப்பார். இந்தத் துறையில் தொடங்கும் திட்டங்களில் திரைக்கு வருபவை கொஞ்சம்தான். மீதி எல்லாம் ஏதோ ஓர் அலமாரியில் கிடக்கின்றன, உருவாக்கியவர் தொட முடியாதபடி. வழக்கறிஞரின் ஆலோசனைப்படி நான்கு விஷயங்களைக் கேட்டேன். உரிமையை முழுதாக மாற்றிக் கொடுக்காமல் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆப்ஷனாக, அதாவது அதற்குள் தொடர் செய்துகொள்ளும் வாய்ப்பாக, ஒரு கட்டணத்தோடு கொடுப்பது. அந்தக் காலத்துக்குள் தயாரிப்பு தொடங்காவிட்டால் எல்லா உரிமையும் தானாகவே என்னிடம் திரும்புவது. என் குறும்படமும் அதிலுள்ள மூல உருவமும் எப்போதும் என்னுடையதாகவே இருப்பது. தொடர் வந்தால் ஒவ்வொரு அத்தியாயத்திலும் உருவாக்கியவர் என்று என் பெயர் வருவது. கேட்கவே பயமாக இருந்தது, வாய்ப்புப் போய்விடுமோ என்று. போகவில்லை. அவர்கள் வழக்கறிஞர் இந்த நான்கையும் வழக்கமான கோரிக்கைகள்போலவே எடுத்துக்கொண்டார். தொடருக்கான உருவத்தில் இறுதி முடிவு தங்களுடையது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மூல உருவம் என்னிடம் இருந்ததால் அதற்கு ஒப்புக்கொண்டேன்.

தொடர் வரவில்லை. எந்த ஒளிபரப்பு நிறுவனமும் முதலீடு செய்ய முன்வரவில்லை, காலம் முடிந்தது. ஒரு மின்னஞ்சலோடு பாட்டி என்னிடம் திரும்பி வந்தார், குடையோடு. இப்போது அவரை வைத்து நீண்ட படம் ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன்.

இணையத்தில் நேரடியாக வெளியிட்டு வளர்ந்தவர்களை இந்த இடத்தில் குறிப்பிட வேண்டும். விவியன் மெட்ரானோ பார்வையாளர்களின் நிதியுதவியோடு ஒரு முன்னோட்ட அத்தியாயம் செய்து 2019-இல் யூடியூபில் வெளியிட்டார்; 2024-இல் அது பிரைம் வீடியோவில் தொடராக வந்தது. பார்வையாளர்களைத் தன்னோடு வைத்திருப்பவர் பேச்சுவார்த்தை மேசையில் எளியவராக உட்கார வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பாதையை எல்லோருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிமிட அனிமேஷனுக்கு ஆகும் உழைப்பையும், இணையம் தினமும் எதிர்பார்க்கும் அளவையும் சேர்த்துச் சமாளிக்கப் பார்த்து உடலும் மனமும் நொடிந்துபோனவர்களை எனக்கு நேரில் தெரியும். விழாக்களுக்கு அனுப்புபவர்கள், இணையத்தில் வெளியிடும் முன் ஒவ்வொரு விழாவின் விதியையும் படிக்க வேண்டும். முதல் திரையிடல் தங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று சில விழாக்கள் கேட்கின்றன.

ரீல் பற்றிக் கேட்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது இதுதான். இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவுக்கு ஒன்று: குறுகியதாக, சிறந்த ஷாட் முதலில் வரும்படி, எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்களோ அதற்கு உரியதை மட்டும் வைத்து, பலர் சேர்ந்து செய்த ஷாட்டில் நீங்கள் செய்தது எது என்று எழுதி, கை தெரியாதபடி. உங்களுக்கென்று ஒன்று: முடிந்த ஒரு குறும்படம், ஒரு நிமிடமே ஆனாலும் சரி, கை முழுக்கத் தெரியும்படி. முதலாவது வாடகை கட்டும். இரண்டாவதை முதலாவதுபோல ஆக்கிவிடாதீர்கள்.

இன்னொருவர் கை

நீண்ட படத்தைத் தனியாக முடிக்க முடியாது என்று தெரிந்ததும் ஓர் இளம் அனிமேட்டரை வேலைக்கு எடுத்தேன். இடைநிலை வரைபடங்களும் கோட்டைச் சுத்தம் செய்வதும் அவர் பொறுப்பு. அந்த வேலைகளைத்தான் இப்போது இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்று பல இடங்களில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கை எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே தயங்குகிறது என்பதை ஒருவர் கற்றுக்கொள்வது இடைநிலைகளை வரைந்து வரைந்துதான். அந்தப் படியை எடுத்துவிட்டால் அடுத்த தலைமுறை முக்கிய நிலைகளை வரைபவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

அவர் அனுப்பிய முதல் ஷாட்டில் பாட்டி குடையைச் சுழற்றும் விதம் என்னுடையது அல்ல. மணிக்கட்டு கொஞ்சம் இறுகியிருந்தது, சுழற்சி நடுவில் ஒரு கணம் நின்று பின் தொடர்ந்தது. திருத்தச் சொல்லிக் குறிப்பு எழுதத் தொடங்கினேன். மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அந்த ஷாட்டில் பாட்டி பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தத் தயக்கம் அதற்குச் சரியாகப் பொருந்தியது. குறிப்பை அழித்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டேன். அடுத்த ஷாட்டில் குடையின் விளிம்பு மாடல் ஷீட்டை மீறியிருந்தது. அதைத் திருத்தச் சொன்னேன். எதை விடுவது, எதைத் திருத்துவது என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. பாட்டியை யார் என்று காட்டுகிற வேறுபாடு இருக்கட்டும், பாட்டியே இல்லாமல் ஆக்குகிற வேறுபாடு வேண்டாம் என்று ஷாட்டுக்கு ஷாட் பேசிக்கொள்கிறோம்.

அவருக்கான ஒப்பந்தத்தை நானே எழுதினேன். படத்தில் அவர் வரைந்த ஷாட்டுகள் எவை என்று பட்டியல் இருக்கும். தலைப்பு அட்டையில் என் பெயருக்கு அடுத்து அவர் பெயர் வரும். பணம் படம் விற்பதைப் பொறுத்தது அல்ல, மாதத்துக்கு மாதம். படம் வெளியாகும் வரை காத்திருக்காமல் முடிந்த ஷாட்டுகளைத் தன் ரீலில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வரியை அவர் கேட்டுச் சேர்க்கச் சொன்னார். கதையின் முடிவைக் காட்டும் ஷாட்டுகளை மட்டும் விலக்கிவிட்டு அதையும் சேர்த்துக் கையெழுத்திட்டோம்.